32 பிளாக்கில் ஒரு முற்றத்து வீடு: பிரவுசரில் மைன்கிராஃப்ட் கிளாசிக்

மைன்கிராஃப்ட் கிளாசிக்கில் செங்கல் கிடையாது. கட்டுவதற்கென்றே இருக்கிற ஒரு கணினி விளையாட்டில் செங்கல் இல்லை, படிக்கட்டு இல்லை, கதவு இல்லை, விளக்கும் இல்லை. இருப்பது 32 வகை பிளாக், அதாவது அடுக்கிக் கட்டும் கட்டைகள். அதிலும் சரிபாதி, அதாவது 16, வண்ணத் துணி. மீதி கருங்கல், உடைகல், மண், மணல், சரளை, பலகை, அடிமரம், இலை, கண்ணாடி, ஸ்பாஞ்ச், தங்கம், ஒரு மரக்கன்று, இரண்டு பூ, இரண்டு காளான். அவ்வளவுதான் கடையில் சரக்கு.

நான் காரைக்குடியில் கட்டட பிளான் போடுகிறவன். பகலெல்லாம் ஆட்டோகேடில் கோடு இழுத்துவிட்டு, ராத்திரி சாப்பிட்டதும் இந்த 32 பிளாக்கோடு உட்கார்ந்துவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கும் முழு மைன்கிராஃப்டும் வீட்டில் இருக்கிறது. இருந்தும் கை இதற்குத்தான் போகிறது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009 மே மாதம் மைன்கிராஃப்டின் முதல் வடிவத்தை வெளியே விட்டார். அன்றைக்கே அது பிரவுசரில்தான் ஓடியது, ஜாவா ஆப்லெட்டாக, அதாவது பிரவுசருக்குள் ஓடும் ஒரு சிறு நிரலாக. பிறகு பிரவுசர்கள் ஜாவாவைக் கைவிட்டன. விளையாட்டும் தனி மென்பொருளாக வளர்ந்து, 2014-இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கும் அளவுக்குப் போய்விட்டது. 2019 மே மாதம் பத்தாவது பிறந்தநாளுக்காக அந்தப் பழைய 2009 வடிவத்தையே, மைன்கிராஃப்டை உருவாக்கும் மொஜாங் நிறுவனம் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதி, பிரவுசரில் இலவசமாகத் திறந்துவிட்டது. பழைய கோளாறுகள் எல்லாம் அப்படியே இருக்கும் என்று அவர்களே சொல்லித்தான் விட்டார்கள். இறக்கி நிறுவும் வேலை இல்லை, கணக்குத் தொடங்கும் வேலை இல்லை. பெயரைத் தட்டினால் உலகத்துக்குள் நிற்கிறோம். அரக்கன் வர மாட்டான், பசி எடுக்காது, ராத்திரியே வராது. வெல்வதற்கு ஒன்றும் இல்லை.

சரி, என்ன கட்டுவது? எங்கள் ஊர்க்காரனுக்கு அதில் சந்தேகமே வராது. முற்றம் வைத்த வீடு.

ஒரு பிளாக் என்றால் ஒரு மீட்டர். நம் ஆள் இரண்டு பிளாக்கை விடக் கொஞ்சம் குள்ளம், ஆகவே வாசல் நிலைக்கு இரண்டு பிளாக் உயரம் விட்டால் போதும். சுவருக்கு வெள்ளைத் துணி. கிட்டப் போய்ப் பார்த்தால் துணி, தள்ளி நின்று பார்த்தால் முட்டைச் சுண்ணாம்பு பூசிய சுவர். தூணுக்கு அடிமரம், நாலு பிளாக் உயரத்துக்கு. ஓட்டுக்குச் சிவப்புத் துணி. ஓட்டுச் சரிவில்தான் சிக்கல் வரும். அரை பிளாக் இல்லாததால், ஒன்று தள்ளி ஒன்று ஏற்றினால் சரிவு 45 பாகையாக நிமிர்ந்துகொள்கிறது. கோயில் கோபுரத்துக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது. இரண்டு தள்ளி ஒன்று ஏற்றினால் 27 பாகைக்குப் பக்கத்தில் வருகிறது. நாட்டு ஓட்டுக் கூரைக்கு அது பொருத்தமான சரிவு. இந்தக் கணக்கு பிடிபட்டதும் வீட்டுக்கு முகம் வந்துவிட்டது.

தரைக்கு ஆத்தங்குடி கல். இங்கேதான் அந்த 16 துணிகளும் கைகொடுக்கின்றன. நிஜத்தில் கையில் ஏந்தும் அளவுக் கல், இங்கே ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். அதனால் ஒரு பூ வரைய ஒரு கூடமே தேவைப்படுகிறது. தரையில் நிற்கும்போது வெறும் மஞ்சளும் பச்சையுமாகச் சிதறிக் கிடப்பது, கூரைமேல் ஏறி முற்றத்து வழியாக எட்டிப் பார்த்தால் பூவாகச் சேர்கிறது.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது வெளிச்சம். எப்போதும் உச்சி வெயில்தான். நிழல் நேர்க்கீழே விழும், சாயாது, நீளாது. கூரைக்கு நடுவில் சதுரமாகத் திறந்துவிட்டால், கீழே தரையில் அதே அளவுக்கு ஒரு வெயில் சதுரம். சுற்றுக்கட்டு முழுவதும் நிழல். முற்றம் ஒரு வீட்டுக்கு என்ன செய்கிறது என்பதை வாடிக்கையாளரிடம் பிளானில் காட்டிப் புரியவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இங்கே நாலு பிளாக்கை உடைத்தால் விளங்கிவிடுகிறது. முழு மைன்கிராஃப்டில் தீப்பந்தம் உண்டு, விளக்கு உண்டு. இருட்டறை கட்டிவிட்டுத் தீப்பந்தம் சொருகிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லாததால், வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று முதலிலேயே யோசித்துத்தான் கட்ட வேண்டியிருக்கிறது. மேலே கண்ணாடி போட்டாலும் வெயில் இறங்கும்.

அடுத்தது, சேர்ந்து விளையாடுவது. திறந்ததும் ஒரு லிங்க் தருகிறது. அதை அனுப்பினால் மற்றவர்கள் நேராக நம் உலகத்துக்குள் வந்துவிடலாம், நம்மோடு சேர்த்துப் பத்துப் பேர் வரை. என் அக்கா மகள் கோயம்புத்தூரில் ஏழாவது படிக்கிறாள். டி அழுத்தினால் எழுதிப் பேசிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் நாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் ஆடுவது.

ஒருநாள் கூடத்துத் தூண்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே போனாள். கூரை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது.

"அப்ப தூண் எதுக்கு மாமா?"

நல்ல கேள்வி. இந்த உலகத்தில் மணலும் சரளையும் மட்டும்தான் பாரம் அறியும். மற்ற எதுவும் விழாது. "ஓட்டைப் பிரிச்சுட்டு அங்க மணல் வெச்சுப் பாரு" என்றேன். வைத்தாள். வைக்க வைக்கப் பொலபொலவென்று கூடத்துக்குள் இறங்கியது. அப்புறம் தூண், தூண்மேல் பலகை, பலகைமேல் மணல் என்று அவளே கட்டினாள். மணல் நின்றது. பலகையில் ஒன்றை உருவினாள். அதற்கு நேர் மேலே இருந்த மணல் மட்டும் விழுந்தது. எந்தப் பாரம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை அன்றைக்கு அவள் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டாள். என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நான் அரைநாள் பேசுவேன்.

தண்ணீருக்கும் தனிக் குணம். உலகத்தின் விளிம்பைச் சுற்றிக் கடல். கரையில் ஒரு பிளாக்கை உடைத்து வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வற்றாமல் பரவிக்கொண்டே போகும், பள்ளம் கண்ட இடமெல்லாம் நிரம்பும். முழு மைன்கிராஃப்டில் போலச் சில பிளாக் தூரம் ஓடி நிற்கிற தண்ணீர் இல்லை இது. "மாமா, தண்ணி உள்ள வருது!" என்று கத்தல் கேட்டால் ஸ்பாஞ்சை எடுக்க வேண்டியதுதான். வைத்த இடத்தைச் சுற்றி இரண்டு பிளாக் தூரத்துக்குத் தண்ணீரை அண்டவிடாது. வரிசையாக ஸ்பாஞ்ச் வைத்து அணை கட்டுவது அவளுக்கு வீடு கட்டுவதை விடப் பிடித்துவிட்டது.

சில எச்சரிக்கைகள். லிங்க் கையில் இருக்கிற யாரும் எதையும் உடைக்கலாம், பூட்டி வைக்க வழி இல்லை. ஆகவே வீட்டு ஆட்களுக்குள்ளேயே அனுப்புங்கள். பிள்ளைகள் தேடுபொறியில் தேடினால் இதே பெயரைச் சொல்லிக்கொண்டு விளம்பரம் கொட்டும் தளங்கள் நிறைய வரும். சரியான முகவரி கிளாசிக் டாட் மைன்கிராஃப்ட் டாட் நெட். நீங்களே தட்டிக் கொடுத்து புக்மார்க் செய்துவிடுங்கள். மவுஸும் கீபோர்டும் கட்டாயம் வேண்டும். டச்பேடில் கட்டுவது கைக்குத் தண்டனை, நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மவுஸே போதும். கட்டிய வீட்டைக் காலத்துக்கும் வைத்திருக்க இதை நம்ப வேண்டாம். பிடித்திருந்தால் நாலு பக்கமும் நின்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சுரங்கம் தோண்டி, ஆயுதம் செய்து, டிராகனைக் கொல்ல ஆசைப்படும் பிள்ளைக்கு இது அரைமணி நேரத்தில் சலித்துவிடும். அவர்களுக்கு முழு விளையாட்டையே வாங்கிக் கொடுங்கள். கட்டிப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைக்கும், பிள்ளையோடு உட்கார நேரம் இருக்கிற பெரியவருக்கும் இதைவிட நல்லதை நான் பிரவுசரில் பார்க்கவில்லை.

உள்ளே போனதும் பி அழுத்துங்கள், 32 பிளாக்கும் வரிசையாக வரும். வேண்டியதை எடுத்துக்கொண்டு முதல் கல்லை வைப்பதற்கு முன்னால் என்டர் தட்டி இடத்தைக் குறித்துவிடுங்கள். எவ்வளவு தூரம் அலைந்தாலும், எந்தக் குழியில் விழுந்தாலும், ஆர் அழுத்தினால் அதே வாசலுக்கு வந்துவிடலாம்.