அழைப்பிதழ் அடுக்க கையா, கணினியா?

கல்யாண அழைப்பிதழ் 300. ஊர்வாரியாகப் பிரித்துக் காரில் ஏற்ற வேண்டும். தம்பி மகன் எக்செல்லைத் திறந்தான். ஆச்சி வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஜமுக்காளத்தை விரித்து, "இங்க கொண்டாங்க" என்றார்கள். நான் ஆச்சி பக்கம். கணக்குப் பார்த்தாலும் தராசு அங்கேதான் சாய்கிறது.

வேகத்தில் கணினியோடு மல்லுக்கு நிற்க முடியாது, அதை விடுங்கள். எத்தனை முறை ஒப்பிட வேண்டும் என்று பாருங்கள். இரண்டிரண்டாக ஒப்பிட்டு அடுக்கும் முறை எதுவானாலும், கணித மேதை வான் நாய்மன் 1945இல் எழுதிய மெர்ஜ் சார்ட்டோ, கணினி அறிஞர் டோனி ஹோர் 1961இல் வெளியிட்ட குவிக்சார்ட்டோ, 300 அட்டைக்கு மோசமான நிலையில் 2,000 ஒப்பீட்டுக்கு மேல் கேட்கும். ஒவ்வொன்றாக இடம் தேடிச் செருகினால் சராசரி 22,500. ஆச்சி எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. ஊர்ப் பெயரைப் பார்த்தார்கள், அந்தக் குவியலில் போட்டார்கள்: 300 பார்வை. கணினிக்காரர்கள் இதைப் பக்கெட் சார்ட் என்பார்கள். ஆனால் காரைக்குடிக் குவியல்தான் பெருகும் என்று முதலிலேயே அதற்கு அகலமாக இடம் விட்டது ஆச்சியின் அனுபவம்.

எனக்கு முடிவைச் சொன்னது வேறு: எந்த வரிசை என்பது. கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கானாடுகாத்தான், காரைக்குடி, காளையார்கோவில் என்று வரும். யூனிகோட்டில் 'ன', 'ந'வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி எழுத்து. 'ள', 'ழ' இரண்டும்கூட இடம் மாறி வகரத்துக்கு முன்னால் நிற்கின்றன. தமிழ் அகரவரிசை தெரிந்த மென்பொருள் காரைக்குடி, காளையார்கோவில், கானாடுகாத்தான் என்று ஒழுங்காகத் தரும். தந்து என்ன பயன்? காரைக்குடியிலிருந்து பார்த்தால் காளையார்கோவில் சிவகங்கைப் பக்கம். கானாடுகாத்தான் நேர் எதிரே, திருச்சிப் பக்கம். அந்த வரிசையில் கிளம்பினால் பெட்ரோல்தான் தீரும். ஆச்சி கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் குவியல்களை ஒட்டி ஒட்டி வைத்தார்கள். தேவகோட்டை தனியாகப் போயிற்று, அது மறுநாள் சுற்று.

"வழியை எண்ணாப் போட்டா எக்செல்லும் அப்படியே அடுக்கும், பெரியப்பா" என்றான் தம்பி மகன். அடுக்கும். அந்த எண்ணைச் சொல்ல ஆச்சியைத்தானே கேட்க வேண்டும்?

விட்டுப்போன பங்காளி வீடு ஒன்று ராத்திரி நினைவுக்கு வந்தாலும் குவியலில் செருகினால் போதும்.

ஆயிரக்கணக்கில் அட்டை அடிக்கும் வீட்டில் நான் கூடமாட உட்கார்ந்ததில்லை. அங்கே வளவு பற்றாது, கணினியே தேவலை என்று தோன்றுகிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு அட்டை எழுதியிருந்தால் கண்டுபிடிப்பதிலும் எக்செல்தான் கெட்டி. அதனால் முகவரிப் பட்டியல் அதிலேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, ஆச்சி சொல்லும் வழி எண்ணை இப்போதே ஏற்றிவிடுங்கள்.