குப்புற விழும் பிள்ளைக்கு இந்தக் கட்டில் செட் சரிப்படுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் செட்டாக விற்கும் குழந்தைக் கட்டிலில் ஏழு உருப்படி: மரக்கட்டில், மெத்தை, விரிப்பு, தலையணை, உருளைத் தலையணை, பம்பர் (கம்பிகளின் உட்புறம் சுற்றிக் கட்டும் தடுப்பு மெத்தை), சுற்றுத்துணி (பிள்ளையைக் கையோடு சேர்த்துச் சுற்றும் துணி). பிள்ளை 4, 5 மாதத்தில் குப்புற விழ ஆரம்பித்ததும் முதல் மூன்றுக்குத்தான் வேலை.

கட்டில் நல்ல கட்டில். கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இல்லை. அடிப்பலகையை மூன்று உயரத்தில் மாட்டலாம். பிள்ளை கையை ஊன்றி எழும்பப் பார்த்தால் கீழே இறக்கிவிடுங்கள். மெத்தையும் கெட்டி, உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி நிற்பதில்லை. ஆனால் கால்மாட்டில் மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிறது. இரண்டு விரலுக்கு மேல் இடம் இருந்தால் புரளும் பிள்ளையின் முகம் அதில் மாட்டிக்கொள்ளும். துண்டைச் சுருட்டித் திணிக்காதீர்கள், மெத்தையை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சுற்றுத்துணியைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும், அதுவும் புரளப் பார்க்கும் அன்றைக்கே. கை கட்டுண்ட பிள்ளை குப்புற விழுந்தால் ஊன்றி எழும்பவோ தலையைத் திருப்பவோ வழியில்லை. தலையணையும் பம்பரும் மூக்கை அடைக்கும். உருளையை இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்துப் புரளாமல் தடுக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். அது தவறு, பிள்ளை அதன் மேலேயே கவிழ்ந்துவிடும். அமெரிக்காவில் பஞ்சு வைத்த பம்பர் விற்பதையே 2022-இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

படுக்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான், பகல் தூக்கத்துக்கும். குப்புறவும் திரும்ப மல்லாக்கவும் தானாகப் புரளத் தெரிந்த பிள்ளை நடுராத்திரியில் குப்புறத் திரும்பினால் அப்படியே விடலாம். குப்புற மட்டும் புரளத் தெரிந்த பிள்ளையைக் கண்ணில் பட்டதும் மல்லாக்கத் திருப்புங்கள். பகலில் விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டுப் பழக்கினால் கழுத்தும் தோளும் சீக்கிரம் பலப்படும்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் போர்வை தேவையே இல்லை. மெல்லிய பருத்திச் சட்டை போதும். ஏர்கோன் போடும் வீட்டில் கையில்லாத தூக்கப்பை (போர்வைக்குப் பதிலாகச் சட்டைபோல் மாட்டிவிடும் பை) வாங்கலாம், கழுத்துவாய் தலை உள்ளே நழுவாத அளவாக.

ஸ்பிரிங் தொட்டிலில் ஆட்டித் தூங்க வைக்கும் பாட்டிமாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்: வளைந்த துணியில் தாடை நெஞ்சில் இடிக்கும், புரண்டால் முகம் துணியில் புதையும். கண் சொருகியதும் தூக்கிக் கட்டிலில் மல்லாக்கக் கிடத்த வேண்டும்.

செட்டாக வேண்டாம். கட்டில், அளவான மெத்தை, இழுத்து மாட்டும் விரிப்பு இரண்டு: தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.