முருகன்குறிச்சி கார் ஆடியோ கடை: விற்பதற்கு முன் சோதிக்கிறார்கள்

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், பிரதான சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிறிய கார் ஆடியோ கடையின் வேலையைப் பற்றிய மதிப்புரை இது. கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு திரை பொருத்திய பிறகு ரேடியோ எடுக்கவில்லை, பாடல்களில் பாஸ் என்னும் தாழ்ந்த ஒலி இல்லை என்று குறைப்படுகிறவர்கள் நம் பக்கம் பலர் இருப்பதால், அங்கே என் வண்டிக்குச் செய்தவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய செட் இருந்தவரை 93.5 சூரியன் எஃப்.எம். அம்பாசமுத்திரம் வரை தெளிவாகக் கேட்டது. புதிய திரை வந்த பின் சேரன்மகாதேவியைத் தாண்டுவதற்குள் இரைச்சல் தொடங்கிவிடும். மத்திய அலையில் 1197 கிலோஹெர்ட்ஸில் வரும் திருநெல்வேலி வானொலியோ ஊருக்குள்ளேயே கரகரத்தது. திரையைப் பொருத்திய இடத்தில் இதற்கு மருந்தாகப் புது ஸ்பீக்கர், ஆண்டெனா பூஸ்டர், ஆம்ப்ளிஃபயர் என்று ஒரு பட்டியலே கொடுத்தார்கள். முருகன்குறிச்சிக் கடைக்காரர் அந்தப் பட்டியலை வாங்கிப் பார்க்கவே இல்லை.

முதலில் ரேடியோவை ஓடவிட்டபடி, செல்போன் சார்ஜரையும் டேஷ்கேமையும் பிடுங்கினார். வானொலியின் கரகரப்பு அப்போதே பெருமளவு அடங்கியது. பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் மலிவான சார்ஜர்கள் ரேடியோ அலைவரிசைகளில் இரைச்சலை உமிழும் என்பதும், அலையின் வீச்சில் ஒலியை ஏற்றி அனுப்பும் மத்திய அலையைத்தான் அது அதிகம் கெடுக்கும் என்பதும் தெரிந்த செய்திகளே; ஆனாலும் காசு செலவில்லாத இந்தச் சோதனையை முதலில் செய்யும் கடைகள் குறைவு.

உண்மையான கோளாறு டேஷ்போர்டைக் கழற்றிய பிறகு தெரிந்தது. பண்பலைக்குக் கால் அலைநீள ஆண்டெனா என்றால் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். இப்போதைய கார்களின் கூரையில் நிற்கும் குட்டை ஆண்டெனா, அந்தக் குறையைத் தன் அடியில் உள்ள சிறு பூஸ்டரால் ஈடுகட்டுகிறது. அந்தப் பூஸ்டருக்கான 12 வோல்ட் மின்சாரம் செட்டிலிருந்துதான் போக வேண்டும். என் வண்டியில் அதற்குரிய நீல வயரை எதனோடும் இணைக்காமல் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். மின்சாரம் கிடைக்காத பூஸ்டர் சிக்னலைப் பெருக்காததோடு நிற்காமல் அதை மேலும் நலிவடையவும் செய்யும் என்பதால், அந்த நிலையில் ஆண்டெனாவே இல்லாதிருப்பது மேல் என்றார் கடைக்காரர். அது சற்று மிகைதான். ஏற்கெனவே ஒரு பூஸ்டர் இருக்க, இன்னொன்றை வாங்கச் சொன்னவர்களை நினைத்தால் அந்த மிகை பொறுக்கத்தக்கது.

பாஸ் குறைவுக்கும் காரணம் வயரிங்தான். இட, வல ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பங்கிடும் பேலன்ஸை முழுவதுமாக இடப்பக்கம் அல்லது வலப்பக்கம் தள்ளினால் பாஸ் நன்றாகக் கேட்டு, நடுவில் வைத்தால் மெலிந்து போனால், ஒரு ஸ்பீக்கரின் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறியிருக்கிறது என்று பொருள்: ஒரு ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிரும் கூம்பு, முன்னால் வரும்போது மற்றது பின்னால் போவதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டு, கோன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டி, இடது முன்கதவு ஸ்பீக்கர் தலைகீழாக இணைக்கப்பட்டிருப்பதை என் கண்முன்னே உறுதிசெய்தார்.

ஆம்ப்ளிஃபயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். செட்டின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 50 வாட் என்பது உச்ச அளவு. தொடர்ந்து கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் கம்பெனி ஸ்பீக்கர்களுக்கு அதுவே போதும்.

நீல வயரை இணைத்த பின், இப்போது அம்பாசமுத்திரம் வரை பழையபடி கேட்கிறது. பாபநாசத்தைத் தாண்டிக் காரையாறுக்கு ஏறும்போது கேட்காது, எந்தப் பூஸ்டரும் அங்கே உதவாது என்பதை அவர் முன்கூட்டியே சொன்னது நேர்மை. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது; மலை மறைத்தால், பெருக்குவதற்குச் சிக்னலே இருக்காது, இரைச்சல்தான் பெருகும். கொடைக்கானல் பண்பலையின் 100.5 அவ்வளவு தொலைவு எட்டுவதற்கு, கோபுரம் நிற்கும் மலையின் உயரமே காரணம்.

குறைகளும் உண்டு. அச்சடித்த பில் கிடையாது. துண்டுச் சீட்டில் 700 ரூபாய் கூலி என்று எழுதித் தந்தார்கள். டேஷ்போர்டின் கிளிப் ஒன்று உடைந்ததை நான் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். கிளிப்பை மாற்றித் தந்தாலும், தாங்களாகவே சொல்லியிருக்க வேண்டும். உட்கார இடமில்லை. மாலையில் போனால் வண்டியை விட்டுவிட்டு மறுநாள் வரச் சொல்கிறார்கள்; காலையில் கடை திறக்கும் நேரத்தில் போகிறவர்கள் அருகிலேயே நின்று பார்த்து வாங்கிக்கொண்டு வரலாம்.