டிரம்ஸ் ஓவர்ஹெட்: ஸ்பேஸ்டு பேரா, கிளின் ஜான்ஸ் முறையா?

டிரம்ஸைப் பதிவு செய்யும்போது கிக்குக்கு (காலால் அடிக்கிற பெரிய டிரம்) ஒரு மைக், ஸ்னேருக்கு (அடியில் கம்பி கட்டிய, 'சடார்' என்று கேட்கிற டிரம்) ஒரு மைக். இதில் பெரிதாகச் சண்டை இல்லை. செட்டுக்கு மேலே வைக்கிற இரண்டு ஓவர்ஹெட் மைக்கை எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கட்சி. எங்கள் அறை சின்னது, கூரை பத்தடிகூட இல்லை. எக்ஸ்-ஒய், ஸ்பேஸ்டு பேர், கிளின் ஜான்ஸ் என்ற மூன்று முறைகளையும் வைத்துப் பார்த்து, கடைசியில் கிளின் ஜான்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எக்ஸ்-ஒய்யை முதலில் முடித்துவிடலாம். இரண்டு மைக்கின் தலையும் ஒட்டினாற்போல், 90 டிகிரி கோணத்தில் இருக்கும். ஒலி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வருவதால் மோனோவில், அதாவது இரண்டையும் ஒரே சேனலாகச் சேர்த்தால், தொந்தரவே இல்லை. ஆனால் அகலம் போதாது. டாம் ரோல் (டாம் என்கிற டிரம்களை வரிசையாக அடித்துக்கொண்டு போவது) இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு ஓடுகிற சுகம் கிடைக்காது. அவசர வேலைக்குச் சரி.

ஸ்பேஸ்டு பேரில் இடது பக்கச் சிம்பல்களுக்கு மேலே ஒன்று, வலது பக்கத்துக்கு மேலே ஒன்று. ஹெட்ஃபோனில் கேட்டால் அள்ளும். சிக்கல் ஸ்னேரில்தான். அது செட்டின் நடுவில் இருப்பதில்லை, வாசிப்பவரின் இடது பக்கம் தள்ளியிருக்கும். மைக்குகளைப் பார்வைக்குச் சமமாக வைத்தால் ஸ்னேருக்கு ஒன்று கிட்டே, ஒன்று தள்ளி. வித்தியாசம் 34 செ.மீ. என்றால் ஒலி ஒரு மில்லி செகண்ட் தாமதமாக வரும். இரண்டையும் மோனோவாகச் சேர்த்தால் அந்தத் தாமதத்தால் அலைகள் ஒன்றையொன்று ரத்து செய்து, 500 ஹெர்ட்ஸ், 1,500 ஹெர்ட்ஸ் இரண்டும் அடிவாங்கும். ஸ்னேரின் சதை போய் எலும்பு மட்டும் கேட்கும். இந்தக் காலத்தில் மோனோவில் யார் கேட்கிறார்கள் என்று கேட்காதீர்கள். மேசையில் இருக்கிற ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கர் பெரும்பாலும் மோனோதான்.

கிளின் ஜான்ஸ் 1968-இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் லெட் செப்பலின் ராக் குழுவின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த ஒலிப்பதிவாளர். இந்த முறை தற்செயலாகக் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் மைக் ஸ்னேருக்கு மேலே, சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். இரண்டாவது ஃப்ளோர் டாமுக்கு (தரையில் நிற்கிற பெரிய டாம்) வலப்புறம், அதன் விளிம்புக்குச் சற்று மேலே, ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கிற ஜோடிச் சிம்பல்) பக்கம் பார்த்தபடி.

இரண்டும் ஸ்னேர் தோலின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். சூட்சுமம் முழுக்க இங்கேதான். கண்ணளவு உதவாது, ஒரு நூல் போதும். ஒருவர் நூலின் நுனியைத் தோலின் நடுவில் விரலால் அழுத்திப் பிடிக்க, நீங்கள் முதல் மைக்கின் முனைவரை இழுத்து அந்த இடத்தைக் கிள்ளிக்கொள்ளுங்கள். கிள்ளிய பிடியை விடாமல் அப்படியே ஃப்ளோர் டாம் பக்கம் கொண்டுபோனால், இரண்டாவது மைக்கின் முனை உங்கள் விரலில் இடிக்க வேண்டும். அப்புறம் மோனோ பொத்தானை அழுத்தி, ஒரு மைக்கின் பொலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழை) திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது ஸ்னேர் மெலிந்துபோனால் வைத்தது சரி. திருப்பியபின் கனத்தால் நூலை மறுபடி எடுங்கள்.

தாழ்ந்த கூரைக்கு இன்னொரு லாபமும் உண்டு. இரண்டாவது மைக் கீழே இருப்பதால் கூரையில் பட்டுத் திரும்பும் சத்தம் அதில் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. ஹை-ஹாட்டைப் போட்டு அடிக்கிற டிரம்மர் வந்தால் மிக்ஸில் காப்பாற்ற வழியில்லை. வாசிப்பிலேயே பேலன்ஸ் இருக்க வேண்டும். ஃப்ளோர் டாம் எப்போதும் ஒரு படி தூக்கலாகத்தான் வரும். ஒவ்வொரு டாமையும் தனித்தனியாகச் செதுக்கிய மெட்டல் இசைச் சத்தம் வேண்டுமென்றால் இது மட்டும் போதாது, டாம்களுக்குக் கிட்டத்தில் மைக் வைத்தே ஆக வேண்டும். பெரிய ஹாலில் நான் அதிகம் பதிவு செய்ததில்லை. உயரமான கூரைக்குக் கீழே ஸ்பேஸ்டு பேர் ஜெயித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

பேன் செய்யும்போது, அதாவது ஒலியை இடம் வலமாக நகர்த்தும்போது, ஃப்ளோர் டாம் மைக்கை ஒரு ஓரத்துக்கு முழுதாகத் தள்ளுங்கள். ஸ்னேருக்கு மேலே உள்ளதை எதிர்ப்பக்கம் பாதி தூரம் தள்ளினால் போதும். அதையும் முழுதாகத் தள்ளினால் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.