சிறிய பட்டறைக்கான மேசை ரம்பம்: மோட்டாருக்கு முன் ஃபென்ஸைப் பாருங்கள்

சிறிய பட்டறைக்கு மேசை ரம்பம் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் மோட்டாரின் வாட் அளவைத்தான். நானும் அதை மட்டுமே விசாரித்து என் முதல் ரம்பத்தை வாங்கினேன். அதன் மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பலகையை அணைத்துத் தள்ளுவதற்கான ஃபென்ஸ் முன்பக்கத்தில் மட்டும் பூட்டிக்கொள்ளும் மெல்லிய அலுமினியச் சட்டமாக இருந்ததால், நகர்த்திப் பூட்டும் ஒவ்வொரு முறையும் அதன் பின்முனை ஓரிரு மில்லிமீட்டர் விலகி நின்றது. அந்த விலகல் பிளேடை நோக்கி அமைந்துவிட்டால், அறுபடும் பலகை இரண்டுக்கும் நடுவே நெரிபட்டு, பிளேடின் பின்புறத்தில் மேலெழும் பற்களில் சிக்கி, அறுப்பவர் மீதே பாயும். ஒரு நாள் அப்படிப் பாய்ந்த துண்டு என் இடுப்பை உரசிக்கொண்டு போனது. அன்றோடு அந்த ரம்பத்தை ஓரங்கட்டினேன். முன்பக்கம் மட்டும் பூட்டும் முறையே தவறு என்று சொல்ல வரவில்லை. மூடிய பெட்டி போன்ற அடிப்பகுதி கொண்ட பெரிய கேபினட் ரம்பங்களில், கனமான எஃகில் செய்யப்பட்ட ஃபென்ஸ் அதே முறையில் பிசகாமல் நிற்கிறது. எடையைக் குறைப்பதற்காக ஃபென்ஸை மெலியச் செய்யும்போதுதான் சிக்கல் வருகிறது.

இப்போது நான் பயன்படுத்தும் டிவால்ட் டிடபிள்யூஇ 7485 ரம்பத்தில் முன்னும் பின்னும் உள்ள இரண்டு தண்டவாளங்களும் பற்சக்கர அமைப்பால் இணைக்கப்பட்டு, ஒரே குமிழைத் திருப்பினால் சேர்ந்தே நகர்வதால், ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாகவே நிற்கிறது. சுமார் 22 கிலோ எடையுள்ள இந்தச் சிறிய ரம்பத்தில் ஃபென்ஸை பிளேடிலிருந்து 622 மி.மீ. வரை நகர்த்த முடியும் என்பதால், 1220 மி.மீ. அகலமுள்ள பிளைவுட்டை நடுவில் பிளக்கும் அளவுக்கு இடம் கிடைக்கிறது. பிளேடின் விட்டம் 210 மி.மீ.; நேராக 65 மி.மீ., 45 பாகைச் சாய்வில் 45 மி.மீ. ஆழம் வரை அறுக்கும். வீட்டுத் தட்டு, பெட்டி, நாற்காலி வேலைகளுக்கு இது போதும். கட்டில் கால் போன்ற தடித்த சட்டங்களை அடிக்கடி அறுப்பவர்கள் 254 மி.மீ. பிளேடு உள்ள ரம்பத்தை எடுப்பதே சரி.

சிறிய மேசைக்கே உரிய ஒரு குறையும் இருக்கிறது. முன்விளிம்புக்கும் பிளேடுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு என்பதால், அகலமான பலகையைக் குறுக்கே அறுக்கத் தொடங்கும்போது பலகையைத் தாங்கித் தள்ள உதவும் மைட்டர் கேஜ் என்ற வழிகாட்டியின் பெரும்பகுதி மேசைக்கு வெளியே தொங்கும். அந்த கேஜ் ஓடுவதற்காக மேசையில் வெட்டப்பட்ட மைட்டர் பள்ளத்தில் ஓடும் தள்ளுபலகை ஒன்றை நாமே செய்துகொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எந்த ரம்பமானாலும் பிளேடின் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் என்ற தகடு, பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அறுபட்ட இடைவெளி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் காப்பது அதுதான். பிற்பாடு மெல்லிய பிளேடு வாங்கும்போது, அது அறுக்கும் இடைவெளி இந்தத் தகட்டின் தடிமனைவிட அகலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பலகை தகட்டில் முட்டி நின்றுவிடும்.

விரல் பட்டவுடன் 5 மில்லிவினாடிக்குள் பிளேடை நிறுத்தும் சாஸ்டாப் நிறுவனத்தின் சிறிய ரம்பமும் உண்டு. அலுமினியக் கட்டை ஒன்று பற்களில் பாய்ந்து நிறுத்துவதால், ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டை அடங்கிய பிரேக் கார்ட்ரிட்ஜையும் பிளேடையும் மாற்ற வேண்டியிருக்கும். ஈர மரமும் இந்த நிறுத்தும் அமைப்பைத் தூண்டிவிடக்கூடும். ஆனாலும் விரலோடு ஒப்பிட்டால் இது செலவே அல்ல என்பது என் கருத்து. அதே சமயம், பலகை பின்னோக்கிப் பாய்வதை அந்த அமைப்பு தடுக்காது. அதற்கு ஃபென்ஸும் ரைவிங் நைஃபும்தான் துணை.

ரம்பம் வந்ததும் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிளேடை முழுவதும் உயர்த்தி, ஒரு பல்லில் அடையாளமிட்டு, மைட்டர் பள்ளத்திலிருந்து அதன் தூரத்தை முன்புறம் அளந்து, அதே பல்லைப் பின்புறம் சுழற்றி மீண்டும் அளந்து பாருங்கள். ஒரே பல்லைக் கொண்டு அளந்தால் பிளேடின் சிறு நெளிவு கணக்கைக் குழப்பாது. இரண்டு அளவும் ஒத்துப்போன பிறகுதான் ஃபென்ஸை அந்தப் பள்ளத்துக்கு இணையாகச் சரிசெய்ய வேண்டும்.

முழு பிளைவுட் தாள்களை அறுப்பதே முக்கிய வேலை என்றால் என் டிவால்ட் ரம்பத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபென்ஸ் இடம் கொடுத்தாலும், மேசையைவிடப் பல மடங்கு பெரிய தாள் இதைக் கவிழ்த்துவிடக்கூடும். அப்படிப்பட்ட தாளைத் தரையில் வைத்து வட்டக் கைரம்பத்தால் முதலில் துண்டாக்கி, பிறகே இதற்குக் கொண்டுவருகிறேன்.