சிவப்பு சோலோ கப்பா, அலுமினிய கப்பா?

அமெரிக்க வீட்டு விருந்து என்றதும் கண்ணில் நிற்பது 1970களில் வந்த சிவப்பு சோலோ கப்தான். கொள்ளளவு 18 அவுன்ஸ், ஏறத்தாழ 530 மி.லி. பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால் இறுக்கிப் பிடித்தால் விளிம்பிலிருந்து நெடுக விரிசல் விடும். மறுசுழற்சிக் குறியீட்டில் 6ஆம் எண் கொண்ட இந்தப் பிளாஸ்டிக்கைப் பெரும்பாலான ஊர்களில் மறுசுழற்சிக்கு எடுப்பதில்லை.

பால் கார்ப்பரேஷன் (Ball Corporation) என்ற அமெரிக்க நிறுவனம் 2019இல் கொண்டுவந்த 20 அவுன்ஸ் அலுமினிய கப் நசுங்குமே தவிர எளிதில் உடையாது. கழுவி மறுபடி பயன்படுத்தலாம், பிறகு உருக்கலாம். ஆனால் குளிர்ந்த பீர் ஊற்றினால் வெளிப்புறம் வியர்த்துக் கை சில்லிடும். விலையும் கூடுதல். சூடான பானத்துக்கு இரண்டுமே ஆகாது.

எதிரணியின் பீர் கப்புக்குள் பந்தை எறியும் பீர் பாங் ஆட்டத்துக்கு மட்டும் சோலோவை விட மனம் வராது: பக்கத்துக்கு 10 கப், முக்கோண அடுக்கு. மூன்றில் ஒரு பங்காவது நிரப்புங்கள். குறைந்தால் பந்து பட்டதும் கப் சாய்ந்துவிடும்.