ஃபுட் டூர்: குழுவோடு போவதா, தனியாக ஏற்பாடு செய்வதா?

புது ஊர், கூடவே அந்த ஊரை நன்றாகத் தெரிந்த ஒருவர், நாலைந்து கடைகளில் ருசி பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. ஆனால் புக்கிங் செய்ய உட்கார்ந்தால் தலை சுற்றும். குழு டூர், பிரைவேட் டூர், டிப்ஸ் கொடுத்தால் போதும் என்கிற டூர், நடந்து போவது, வண்டியில் போவது, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முதலில் எல்லாரும் பார்ப்பது எத்தனை ஐட்டம் தருகிறார்கள் என்பதைத்தான், நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்ப்பது வேறு. கூட வருபவர்களில் யாருக்கு நடக்கச் சிரமம், யாருக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு அதிகம்? அவருக்கு எது ஒத்துவருமோ அதைத்தான் எடுக்க வேண்டும், நன்றாகச் சாப்பிடுபவர் எந்த டூரிலும் சமாளித்துக்கொள்வார்.

நடந்து போகும் குழு டூர் என்றால் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், 3 முதல் 4 மணி நேரம், ஐந்தாறு கடைகள், இரண்டு மூன்று கிலோமீட்டர் நடை. தலைக்கு ஆகும் செலவு குறைவு. கடைக்காரரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பதால் வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. ஒரு தட்டைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும்போது ஆளுக்கு இரண்டு வாய்தான் வரும், அதனால் ஆறாவது கடை வரைக்கும் வயிற்றில் இடம் இருக்கும். இரண்டே பேர் பிரைவேட் டூரில் போனால் மூன்றாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிடும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

குழு டூரின் குறை, நேரம் நம் கையில் இல்லாததுதான். என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ‘மெதுவான நடைதான்’ என்று போட்டிருந்ததை நம்பி ஒரு குழு டூரில் பெயர் கொடுத்தேன். நடை மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் எங்கேயும் உட்கார இடமில்லை. மூன்றாவது கடையில் எல்லாரும் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி வழிகாட்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, “நீங்கல்லாம் போங்கப்பா, நான் மெதுவா வரேன்” என்றார். மற்றவர்கள் காத்திருந்தார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் தன்னால் எல்லாருக்கும் தாமதம் என்ற நினைப்பு வந்த பிறகு அவருக்கு எதுவும் ருசிக்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்டால் போதாது, எத்தனை கடையில் நாற்காலி இருக்கிறது, கழிப்பறை எந்தக் கடையில் இருக்கிறது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்த தடவை அம்மாவுக்காகப் பிரைவேட் டூர் எடுத்தேன். ஆறு கடைக்குப் பதிலாக நாலு கடை. இரண்டாவது கடையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா சமையல்காரரிடம் எதை முதலில் போட்டீர்கள், ஏன் தீயைக் குறைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க, வழிகாட்டி நடுவில் நின்று மொழிபெயர்க்க, அரை மணி நேரம் அங்கேயே போய்விட்டது. குழுவில் இதற்கு வழியே இல்லை. இரண்டு பேருக்கு மட்டும் என்றால் செலவு கையைக் கடிக்கும். நாலைந்து பேர் சேர்ந்தால் வழிகாட்டிக்கான தொகை பங்காகிவிடும், அப்போது குழு டூருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டிய சர்க்கரை நோயாளிகள் கூட வந்தால் யோசிக்காமல் பிரைவேட் எடுங்கள்.

அலர்ஜி இருந்தால் கதையே வேறு. குழுவில் கடைகளும் ஐட்டமும் முன்னாலேயே முடிவாகியிருக்கும், வந்து நின்றபிறகு “எனக்குக் கடலைப்பருப்பு ஆகாது” என்றால் வழிகாட்டியால் செய்யக்கூடியது கல்லாப் பக்கம் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பதுதான். ஒருமுறை என் நண்பனுக்காக அப்படிக் கேட்டார்கள். கடைக்காரர் கை வேலையாக இருந்தபடியே ‘இல்லை’ என்று தலையாட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கடலை மாவில் தோய்த்ததைப் பொரித்த அதே எண்ணெயில்தான் அடுத்ததையும் போட்டார், அரிகரண்டியும் அதேதான். அவர் பொய் சொல்லவில்லை, நண்பன் கேட்ட பண்டத்தில் கடலை மாவு சேர்க்கவில்லைதான். நண்பன் அதைத் தொடவே இல்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் ஆகாதவர்களுக்கும் இதே சிக்கல், பொரிக்கிற சூட்டில் அது அழிவதில்லை. ஆகவே “எனக்கு இது ஆகாது” என்று சொல்வதோடு நிறுத்தாமல், “தனி எண்ணெய், தனிப் பாத்திரமா?” என்று கேளுங்கள், அதையும் புக்கிங் செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த டூர் வேண்டாம். கடுமையான அலர்ஜிக்கு எபிநெஃப்ரின் ஊசி வைத்திருப்பவர்கள் இரண்டு ஊசிகளைக் கையோடு எடுத்துப் போங்கள், சில சமயம் ஒன்று போதாமல் போகும். அது எந்தப் பையில் இருக்கிறது என்று கூட வருபவருக்கும் வழிகாட்டிக்கும் தெரிய வேண்டும்.

டிப்ஸ் டூர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கட்டணம் கிடையாது என்று போட்டிருந்தாலும் சாப்பாட்டுக்கு நீங்கள்தான் கடைக்குக் கடை பணம் கொடுக்க வேண்டியிருக்கும், கூட்டமும் பெரிதாக இருக்கும். பல இடங்களில் வழிகாட்டிகளுக்கு உங்கள் டிப்ஸ்தான் சம்பளம், கூட்டி வந்த ஆட்களின் எண்ணிக்கைப்படி ஏற்பாட்டாளருக்கு அவர்கள் காசு கட்டுவதும் உண்டு. கொடுக்க மனமில்லாமல் போவது சரியில்லை. ஊரைச் சுற்றிப் பார்க்க நல்லது, சாப்பிடத்தான் போகிறேன் என்பவருக்கு மற்ற இரண்டும் மேல்.

நடையா, வண்டியா? முடிந்தால் நடைதான். வயிறு நிறைந்தது என்று உடம்பு உணரவே 20 நிமிடம் போல ஆகும், கடைக்குக் கடை நடக்கும் நேரம்தான் அதற்கு உதவுகிறது. வண்டியில் ஐந்து நிமிடத்தில் அடுத்த கடை வந்துவிடும், சாப்பிட்டதும் குலுங்கினால் சிலருக்குக் குமட்டும். நடக்க முடியாதவர்களுக்கும் கடும் வெயில் காலத்துக்கும் வண்டி சரி.

காலை டூரில் சந்தையைப் பார்க்கலாம், வழிகாட்டி பேசுவது காதில் விழும். மாலையில் தெருக்கடைகளின் கலகலப்பு இருக்கும், சத்தமும் நெரிசலும் அதோடு சேர்ந்தே வரும். எனக்குக் காலைதான் பிடிக்கும். எந்த நேரமானாலும் கண் முன்னால் சூடாகச் செய்து தருவது பாதுகாப்பு. வெகுநேரம் முன்பே செய்து ஆறிப்போய் அடுக்கி வைத்திருப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

பட்டினியாகப் போகாதீர்கள், முதல் கடையிலேயே அள்ளிச் சாப்பிட்டுவிடுவீர்கள். லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கால் மணி நேரம் முன்னதாகவே போய் நில்லுங்கள், தாமதமாக வருபவருக்காக முதல் கடை காத்திருக்காது. சந்தைத் தரை ஈரமாக இருக்கும், அதனால் வழுக்காத, விரல் மூடிய ஷூ. சில்லறை கொஞ்சம் இருக்கட்டும், சின்னக் கடைகளில் கார்டு எடுப்பதில்லை. சானிடைசர் வைத்திருந்தாலும் தண்ணீர் கிடைக்கிற இடத்தில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, பாலோ தயிரோ கேளுங்கள். அப்புறம், மீந்ததைப் பார்சல் கட்டி வாங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், இல்லையென்றால் அதற்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.